வாசகர் கேள்வி-பதில்: பேச்சைக் குறைக்க வழி கண்டுபிடித்த ரேடியோக்காரர்

போன இதழில் நூர் இனாயத் கான் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். இரண்டாம் உலகப்போரின்போது லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரகசிய வயர்லெஸ் ஆபரேட்டராகப் போனவர், பிடிபட்டு ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டேன். அது போதாது என்று இத்தனை பேர் எழுதுவீர்கள் என நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: பிரான்சுக்குள் ரகசியமாக அனுப்பப்பட்ட முதல் வயர்லெஸ் ஆபரேட்டர் நூர்தானா? (சேலம் வாசகர்)

பதில்: பெண்களில் அவர் முதல். ஆனால் அவருக்கு இரண்டு வருடம் முன்பே ஒருவர் போய் இறங்கிவிட்டார். அவர் பெயர் ஜார்ஜ் பெகே. நூரைத் தெரிந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூட இவரைத் தெரிந்திருக்காது. எனக்கு அது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெகே பிரெஞ்சுக்காரர். 1911-ல் தென்மேற்குப் பிரான்சில் பெரிகூ என்ற ஊரில் பிறந்தவர், இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் பொறியியல் படித்தவர். அதனால் ஆங்கிலமும் வரும், மின்சாரமும் புரியும். பிரெஞ்சு ராணுவத்தில் சிக்னல் பயிற்சி எடுத்திருந்தார். 1940-ல் பிரான்ஸ் விழுந்தபோது டன்கிர்க் வழியாகத் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார், அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் படையில் சார்ஜெண்ட் ஆனார். அந்த வருடம் ஜூலையில்தான் சர்ச்சில் அரசாங்கம் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கியிருந்தது. ஜெர்மனி பிடித்துவைத்திருக்கும் நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி, உள்ளூர் மக்களோடு சேர்ந்து ரயில் தண்டவாளத்தைத் தகர்ப்பது, ஆயுதம் சேர்ப்பது எல்லாம் அதன் வேலை. அதில் பிரான்சுக்கென்று இருந்த 'எஃப்' பிரிவு தன் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது பெகேயை.

1941 மே 5-ம் தேதி இரவு, ஒரு விட்லி விமானத்திலிருந்து மத்தியப் பிரான்சில் வலான்சே அருகே குதித்தார். கீழே விளக்குக் காட்ட ஆள் இல்லை, வரவேற்க யாரும் இல்லை, ஒரு பெட்டி ரேடியோவும் ஒரு வீட்டு விலாசமும் மட்டும்தான் கையில். நேராக முன்னாள் அமைச்சர் மாக்ஸ் ஹைமான்ஸ் வீட்டுக்குப் போனார். நடுப்போரில், முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று 'நான் லண்டனிலிருந்து வந்திருக்கிறேன்' என்றால் யார்தான் நம்புவார்கள்? போலீஸ் அனுப்பிய ஆளாகவும் இருக்கலாமே. ஹைமான்ஸ் உடனே நம்பவில்லை, பேசிப் பேசித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஹைமான்ஸ் மூலமாக ஷாத்தோரு ஊரில் ஃப்ளுரே என்ற கார் பட்டறைக்காரரின் தொடர்பு கிடைத்தது, அந்தப் பட்டறையே ரகசியக் கடிதங்கள் கைமாறும் இடமாயிற்று. மே 9-ம் தேதி பெகேயின் முதல் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் இரவே அதே பிரிவின் பியர் த வொமெகூர் என்பவர் வந்து இறங்கினார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஜூன் 13-ம் தேதி லிமோஷ் அருகே பியரின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஃபிலிப்பின் நிலத்தில் இரண்டு பெரிய உருளைப் பெட்டிகள் பாராசூட்டில் விழுந்தன, உள்ளே துப்பாக்கியும் வெடிமருந்தும். போர் முடிவதற்குள் அப்படிப் பிரான்சில் விழுந்த பெட்டிகள் கிட்டத்தட்ட 60,000. அவற்றில் முதல் இரண்டையும் வரவழைத்தது பெகேயின் விரல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எஃப்' பிரிவில் அவருடைய ரகசியப் பெயர் 'ஜார்ஜ் ஒன்று'. அவருக்குப் பின்னால் போன வயர்லெஸ் ஆபரேட்டர்களுக்கும் அவர் நினைவாக ஜார்ஜ் என்ற பெயரையே வைத்து எண் போட்டார்கள்.

கேள்வி: நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டையைத் தட்டுவதில் ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை இருக்காது, எதிர்முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவோம். அந்த ரகசிய ஆபரேட்டர்களுக்கும் இப்படித்தானா? ஜெர்மானியர்கள் அவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நீங்கள் சொல்வதேதான். அவர்களுக்கும் 'கை' என்பதுதான் அடையாளம். மோர்ஸ் தந்தியில் எழுத்தெல்லாம் புள்ளியும் கோடும்தானே, ஒருவர் கோடு தட்டுவதைக் கொஞ்சம் இழுப்பார், இன்னொருவர் சில எழுத்துகளை அவசரமாக முடிப்பார். இங்கிலாந்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பெண்கள் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆபரேட்டரின் கையைப் பழகி வைத்திருந்தார்கள், நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவரை இரைச்சலுக்கு நடுவே அப்படித்தான் அடையாளம் கண்டார்கள்.

இப்போது அந்த அறைக்குள் போய்ப் பார்ப்போம். ஒரு சாதாரணத் தோல்பெட்டி, உடுப்புப் பெட்டி மாதிரி. திறந்தால் உள்ளே ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், பவர் பேக், ஒரு சின்ன மோர்ஸ் கட்டை. போரின் நடுவில் பரவலாக இருந்த மாடல் 15 கிலோவுக்குப் பக்கம் எடை, அதோடு ரயிலில் ஏறி, சோதனைச் சாவடியைத் தாண்டி, அந்தப் பெட்டியில் துணிமணி இருப்பதுபோல இலேசாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அனுப்பும் சக்தி 20 வாட்தான். அந்த 20 வாட்டை இங்கிலாந்துவரை கொண்டுபோக, 20 மீட்டர் அளவுக்கு ஒரு கம்பியை மாடியிலோ மரத்திலோ துணி காயப்போடும் கொடிபோலக் கட்ட வேண்டும். அலைவரிசையைத் தீர்மானிப்பது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம், தபால் தலை அளவுதான் இருக்கும். இரண்டு முள்ளோடு ஒரு கூட்டுக்குள் இருக்கும் அதைச் செருகினால்தான் பெட்டி பேசும். கீழே போட்டு உடைந்தால், அடுத்த விமானம் வரும்வரை ஊமை. செய்தியைச் சங்கேதமாக மாற்றவே மணிக்கணக்கில் ஆகும், அதில் ஒரு எழுத்து தப்பினால் மறுமுனையில் ஒன்றும் விளங்காது.

கட்டையைத் தொட்ட நிமிடத்திலிருந்து ஆபத்து ஆரம்பம். நிரந்தரக் கேட்பு நிலையங்களில் ராப்பகலாக ஆள் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக ஒரு சத்தம் கேட்டால் மூன்று இடத்திலிருந்து திசை பார்த்து வரைபடத்தில் கோடு போடுவார்கள், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஊர். அப்புறம் வேன்கள் கிளம்பும், அவை தெருவரைக்கும் வரும். கடைசியில் ஒரு ஆள் மேல்கோட்டுக்குள் கருவியை மறைத்துக்கொண்டு நடந்து வருவான், அவன் வந்து நிற்பது வீட்டு வாசலில். நகரமாக இருந்தால் அரை மணி நேரம் விடாமல் அனுப்பினாலே ஆபத்து எல்லை. இன்னொரு தந்திரமும் வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு பகுதியாக மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது. எந்தப் பகுதியில் கரண்ட் போன நொடியில் சத்தமும் நிற்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். அதனால் விவரமானவர்கள் பேட்டரியில் ஓட்டினார்கள், ஜன்னலில் ஒருவரை நிறுத்தித் தெருவைப் பார்க்கச் சொன்னார்கள்.

1943-ல் பாரிஸ் போன ஆபரேட்டரின் ஆயுள் சராசரி ஆறு வாரம் என்று அப்போது சொல்லிக்கொள்வார்கள். பெகே இறங்கியது 1941-ல், அதுவும் ஜெர்மானியர் நேரடியாக ஆளாத, அவர்களோடு ஒத்துப்போன 'விஷி' என்ற பிரெஞ்சு அரசின் பகுதியில். அங்கேயும் நிம்மதி இல்லை. அவர் தட்ட ஆரம்பித்த சில நாட்களிலேயே விஷி போலீஸ் சத்தத்தைப் பிடித்துவிட்டது, குறுக்கே இரைச்சல் போட்டுக் கெடுக்கப் பார்த்தது, ஷாத்தோரு சுற்றுவட்டாரத்தில் வேன்கள் திரிந்தன, சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். தேடியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், தேடப்பட்டவரும் பிரெஞ்சுக்காரர். பிரான்சில் பல வருடம் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இது.

கேள்வி: பி.பி.சி. ரேடியோவில் சம்பந்தா சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் படிப்பார்களாமே, அது நிஜமா? (திருச்சி கல்லூரி மாணவி)

பதில்: நிஜம்தான். பெகே என்ற மனிதரை எனக்கு இத்தனை பிடிக்கக் காரணமே அதுதான்.

அவருடைய நிலைமையை யோசியுங்கள். அவருக்கு முதல் பிரச்சினை ரேடியோவே. பெட்டி மௌனமாக இருக்கும்வரை அவர் யாரோ ஒரு பயணி. கட்டையைத் தொட்டால் சாவு நெருங்குகிறது. ஆனால் வேலையோ நாளுக்கு நாள் கூடுகிறது. 'இன்று இரவு விமானம் வருகிறதா?' 'வருகிறது.' 'மேகமாக இருக்கிறது, நாளைக்குத் தள்ளலாமா?' 'சரி.' 'போன வாரம் சொன்ன ஆள் பத்திரமாக வந்துவிட்டாரா?' இப்படி ஒவ்வொரு சின்ன ஆமாம், இல்லைக்கும் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கட்டையைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பெகே லண்டனுக்குச் சொன்ன யோசனை இதுதான்: இந்த ஆமாம், இல்லைகளை என்னிடம் மோர்ஸில் சொல்லாதீர்கள், பி.பி.சி. பிரெஞ்சு ஒலிபரப்பில் ஊருக்கே கேட்கும்படி சொல்லுங்கள். தடையை மீறிப் பிரான்ஸ் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்கிற ஒலிபரப்பு அது. அதில் 'தனிப்பட்ட செய்திகள்' என்ற பெயரில் சில வாக்கியங்களைப் படித்தால் போதும்.

உதாரணத்துக்கு நானே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்கிறேன்: 'அத்தையின் சிவப்புத் தொப்பி நனைந்துவிட்டது'. இந்த வாக்கியம் வந்தால் இன்று இரவு அந்தப் புல்வெளியில் பெட்டி விழும் என்று நீங்களும் நானும் முன்பே பேசி வைத்திருக்கிறோம். இரவு ஒலிபரப்பில் அறிவிப்பாளர் அதை நிதானமாக, இரண்டு முறை படிக்கிறார். ஜெர்மானியரும் கேட்கிறார்கள், விஷி போலீஸும் கேட்கிறது, அவர்களுக்கு அது வெறும் தொப்பி. ஒரு பண்ணை வீட்டில் மட்டும் நாலு பேர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்புகிறார்கள். கேட்க வேண்டியது சாதாரண ரேடியோவில்தான், எல்லோர் வீட்டிலும் இருப்பது. யாரும் எங்கேயும் எதையும் அனுப்பவில்லை என்பதால் வேன்காரனுக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

ஒரு வழியில் மட்டும் போகிற பேச்சு இது, உண்மை. எந்த வயல், எந்தத் தேதி, என்ன வேண்டும் என்பதை உள்ளேயிருந்து யாராவது தட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஆபத்து குறையவே இல்லை. ஆனால் கட்டையைத் தொட வேண்டிய தடவைகள் குறைந்தன, ஆபரேட்டர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் மிச்சமானாலும் அது பெரிய விஷயம்.

இதற்கு இன்னொரு பயனும் வந்தது. பிரான்சில் இருக்கும் ஏஜெண்ட் ஒருவருக்குப் பணம் வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கடன் கேட்கிறார், போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு திருப்பித் தரும் என்கிறார். யார் நம்புவது? 'சரி, உங்களுக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், சில நாளில் அதே வாக்கியம் லண்டன் ரேடியோவில் வரும்' என்பார் ஏஜெண்ட். தன் வாயால் சொன்ன வாக்கியம் அப்படியே கடல் தாண்டித் தன் வீட்டு ரேடியோவில் திரும்பி வருவதைக் கேட்ட மனிதர் அதற்குமேல் சந்தேகப்படமாட்டார். பெகே ஹைமான்ஸ் வாசலில் நின்று பேசிப் பேசி நம்ப வைத்தாரே, அந்தப் பாட்டை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இப்படித் தவிர்த்தார்கள்.

1941-லேயே நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு, 1944 ஜூனில் நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கியபோது ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான வாக்கியங்களாகப் பெருகியிருந்தது. கவிஞர் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதையிலிருந்து இரண்டு துண்டுகளை அப்போது படித்தார்கள் என்று நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கலாம். அந்த வரிகள் எந்தக் குழுவுக்குத் தெரியுமா? ரயில் பாதையைத் தகர்க்கக் காத்திருந்த ஃபிலிப் த வொமெகூரின் குழுவுக்கு. ஆம், முதல் இரண்டு பெட்டிகள் விழுந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்தான்.

கேள்வி: இவ்வளவு கவனமானவர் எப்படி மாட்டினார்? மாட்டினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள். (புதுச்சேரி வாசகர்)

பதில்: மாட்டினார். அவரைப் பிடித்தது வேன் இல்லை, ஒரு முகவரி.

1941 அக்டோபரில் ஓர் இரவு பெர்ஷெராக் ஊர்ப் பக்கம் நாலு பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். சிலர் உடனடியாகப் போலீஸிடம் சிக்கினார்கள், அவர்களோடு மார்சேய் நகரத்தில் இருந்த 'வில்லா தெ புவா' என்ற வீட்டின் முகவரியும் சிக்கியது. போலீஸ் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எலிப்பொறி வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாதே, அப்படி. வருகிறவர் ஒவ்வொருவரும் கதவைத் தட்ட, உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 24-ம் தேதி பெகேயும் போய்த் தட்டினார். மொத்தம் ஒரு டஜன் பேர் அந்த வலையில் விழுந்தார்கள்.

முதலில் பெரிகூ சிறை. தான் பிறந்த ஊரிலேயே கைதி. அந்தக் குளிர்காலத்தை அங்கே கழித்த பிறகு 1942-ல் மோசாக் என்ற முகாமுக்கு மாற்றினார்கள். கைதிகளில் ழான் பியர் ப்ளோக் என்ற அரசியல்வாதியும் ஒருவர். அவர் மனைவி கேபி ப்ளோக் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் முகாமுக்கு நடையாய் நடந்தார். அந்தச் சாப்பாட்டுக்குள் அரம் போன்ற கருவிகளும் வந்தன, மத்தி மீன் டின்களும் வந்தன. மீனைத் தின்றுவிட்டு, டின் தகரத்தை வெட்டித் தேய்த்துத் தங்கள் கொட்டடிக் கதவுக்குச் சாவி செய்தார் பெகே. மத்தி டின்னின் தகரம் எவ்வளவு மெல்லியது, விரலால் அழுத்தினாலே வளையும், அதை வைத்துப் பூட்டு திறக்கும் அளவுக்கு ஒரு சாவி. பொறியியல் படித்ததற்கு அந்த மனிதர் எங்கெங்கே பயன் கண்டார் பாருங்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. எழுபது வயதுப் பாதிரியார் ஒருவர், முதல் உலகப்போரில் இரண்டு கால்களையும் இழந்தவர், சக்கர நாற்காலியில் கைதிகளைப் பார்க்க வந்தார். கைதிகளே அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கால்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அங்கிக்கு அடியில், ஒரு டிரான்ஸ்மிட்டர்! சில நாளில் பெகே சிறைக்கு உள்ளேயிருந்து லண்டனுக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். வெளியே காடு மேடெல்லாம் டிரான்ஸ்மிட்டரைத் தேடிய போலீஸுக்கு, தன் கைதியின் கையிலேயே ஒன்று இருப்பது தெரியவில்லை.

1942 ஜூலை 16 விடிவதற்கு முன் அந்தத் தகரச் சாவி கதவைத் திறந்தது. பதினோரு கைதிகள், கூடவே அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்ட காவலர் ஒருவர், முள்வேலியைத் தாண்டி வெளியே வந்தார்கள். காட்டில் பல நாள் பதுங்கியிருந்துவிட்டு லியோன் போனார்கள். இந்தத் தப்பித்தலுக்குப் பின்னணியில் லியோனிலிருந்து வேலை பார்த்தவர் வர்ஜீனியா ஹால் என்ற அமெரிக்கப் பெண். ஒரு கால் மரக்கால். அவர் கதைக்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும். லியோனிலிருந்து மலை தாண்டி ஸ்பெயின், ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்து.

கேள்வி: நூர் திப்பு சுல்தான் வம்சம் என்கிறார்களே? (வேலூர் வாசகர்)

பதில்: வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். 1799-ல் திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைகளை உங்கள் ஊர்க் கோட்டையில்தான் ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள், 1806 கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். நூரின் அப்பா பரோடாவில் பிறந்த சூஃபி ஆசான், வீணைக் கலைஞர் ஹஸ்ரத் இனாயத் கான். அவருடைய தாய்வழி திப்பு குடும்பத்தோடு சேர்கிறது. அம்மா அமெரிக்கர். நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்து, பாரிஸ் அருகே வளர்ந்து, குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளைப் புத்தகமாக எழுதியவர்.

1943 ஜூன் 16 இரவு சிறு விமானத்தில் போய் இறங்கினார். பத்து நாள்கூட ஆகவில்லை, அவர் சேர்ந்த பெரிய குழு உடைந்தது, வரிசையாகக் கைது. திரும்பி வரச் சொன்னார்கள். பாரிஸ் பகுதியில் மிச்சமிருந்த ஒரே ரேடியோ தன்னுடையது என்பதால் மறுத்துவிட்டார். அக்டோபர்வரை, நான்கு மாதம், வீடு மாறி மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

அவர் அனுப்பிய செய்திகளை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. உத்தரவில் இருந்த ஒரு ஆங்கிலச் சொல்லை, செய்திகளை வரிசையாக அனுப்பு என்ற அர்த்தத்தில் எழுதியதை, பத்திரமாக வைத்துக்கொள் என்று அவர் புரிந்துகொண்டிருக்கலாம் என எஸ்.ஓ.இ. வரலாற்றை எழுதியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. லண்டன் செய்த தப்பைப் பாருங்கள். கில்பர்ட் நார்மன் என்ற ஆபரேட்டர் அதே ஜூனில் பிடிபட்டார். பிடிபட்டவரைக் கட்டாயப்படுத்திச் செய்தி அனுப்பினால் லண்டனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான், வெளியே தெரியாத ஒரு அடையாளத்தைச் செய்திக்குள் வைக்கப் பழக்கியிருந்தார்கள். நார்மன் பேரில் போன செய்தியில் அந்த அடையாளம் இல்லை. லண்டன் என்ன பதில் போட்டது தெரியுமா? அடையாளத்தை மறந்துவிட்டீர்கள், இனிமேல் கவனமாக இருங்கள் என்று! பதிலைப் படித்தது ஜெர்மானியர்கள். அப்படி ஒரு அடையாளம் இருப்பதே அவர்களுக்கு அதன்மூலம் உறுதியானது. நூரின் பெட்டியிலிருந்தும் அவர் கைதான பிறகு செய்திகள் போய்க்கொண்டிருந்தன, நம்பி லண்டன் இறக்கிய ஆட்கள் நேரே ஜெர்மானியர் கையில் இறங்கினார்கள்.

இரண்டு தடவை தப்பிக்கப் பார்த்தார். அதற்காகவே ஜெர்மனியில் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு கொல்லப்பட்டார். வயது 30. அந்த மூவரில் யோலாண்ட் பீக்மன் என்பவரும் வயர்லெஸ் ஆபரேட்டர்தான்.

கேள்வி: கடைசிவரை பிடிபடாத ஆபரேட்டர் யாருமே இல்லையா? படிக்கவே கனமாக இருக்கிறது. (ஈரோடு வாசகி)

பதில்: இருக்கிறார்கள் அம்மா. இவோன் கோர்மோ என்ற பெண் 1943 ஆகஸ்டில் தென்மேற்குப் பிரான்ஸ் கிராமப்புறத்தில் குதித்து, 13 மாதத்தில் 400-க்கும் மேற்பட்ட செய்திகள் அனுப்பினார், பிடிபடவே இல்லை. மாவட்ட நர்ஸ் என்று வேஷம். ஒரு சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது இது எக்ஸ்ரே கருவி என்று சொல்லித் தப்பினார். குண்டு துளைத்த அவருடைய உடை லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: பெகே அப்புறம் என்ன ஆனார்? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: 1942 இலையுதிர்காலத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார். திரும்பப் பிரான்சுக்கு அனுப்பவில்லை, போலீஸுக்கு முகம் தெரிந்துவிட்டதே. 'எஃப்' பிரிவின் சிக்னல்ஸ் அதிகாரியாக உட்கார வைத்தார்கள். தன்னைப்போலப் பெட்டியோடு கிளம்புகிற ஒவ்வொரு ஆபரேட்டரின் தொடர்பு ஏற்பாடுகளும் அதன்பின் அவர் பொறுப்பு. போர் முடிந்ததும் அமெரிக்கா போய் மின்னணுப் பொறியாளராக வேலை பார்த்தார்.

மோசாக் வேலியைத் தாண்டிய பதினோரு பேரில் சிலர் மறுபடி பிரான்சுக்குள் போனார்கள். மைக்கேல் ட்ரோட்டோபா லீல் நகரத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையைத் தகர்த்தார், 1943 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரான்சிஸ் கரெல் பூகன்வால்ட் முகாமில் கொல்லப்பட்டார். க்ளெமோன் ஜுமோ மறுபடி பிடிபட்டு ஜெர்மனியில் கைதியாகவே இறந்தார்.

1991 மே 6 அன்று, பெகே குதித்த ஐம்பதாவது ஆண்டில், அதே வலான்சேயில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். உயிர் திரும்பாத 'எஃப்' பிரிவினர் 104 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ட்ரோட்டோபா, கரெல், ஜுமோ, நார்மன், நூர் எல்லோரும் அந்தக் கல்லில் உண்டு. பெகே பெயர் அதில் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தார், வயது 79. இரண்டு வருடம் கழித்து, 1993 டிசம்பரில் வெர்ஜீனியாவில் இறந்தார்.